தொண்ணூற்றேழாவது இலை

இராஜபாளையம்
20.11.87

அன்பு மகன் ஞானதுரைக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். பிலாயில் குளிர் அதிகம் என்கிறார்களே, நான் கொடுத்த மப்ளரைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் காதை மூடிக் கட்டிக்கொள். உன் தங்கை ஜெயபாய்க்கு நிச்சயதார்த்தம் முடிந்தது, முடிந்தது என்று எழுதுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது, எல்லாம் உன் அப்பாவால்தான். மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வாயால் சொல்லவில்லை, ஆனால் அவர் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிற பஸ் தெருவில் போனாலே முகம் சிவக்கிறது. அப்படியிருக்க, முப்பது வருஷம் அல்ஜீப்ரா நடத்திய மனுஷரிடம் பந்தி பொறுப்பை விட்டது என் புத்தி.

சம்பந்தி வீட்டார் ஒருவரும் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கக் கூடாது, எல்லாருக்கும் ஒரே பந்தி என்று அப்பா சொன்னது நல்ல காரியம்தான். வருவது தொண்ணூற்றாறு பேர் என்றதும் அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, எத்தனை விதமாகக் காரணிப்படுத்தலாம் என்று என்னை அடுப்பிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள், எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு இலை. எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. அப்போது பார்த்து, சீர்வரிசைப் பேச்சில் கோபித்துக்கொண்டு வரமாட்டேன் என்றிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் பால்பாண்டி மனசு மாறி வந்து இறங்கினார். நெருக்கி உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற விஷயம். வரிசை கெட்டுவிடுமாம், ஒன்பதாவது வரிசை என்று அவருக்கு மூலையில் ஒற்றை இலை போட்டார்கள் அப்பா.

அவர் உட்காரவில்லை. "என்னைய மட்டும் ஒத்தையில உக்கார வைக்கிய, நான் என்ன வேண்டாதவனா?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்பார்கள் என்று பார்த்தால் உன் அப்பா, "அண்ணாச்சி, தப்பு நம்ம ரெண்டு பேரு மேலயும் இல்ல, தொண்ணூத்தேழு பகா எண்" என்றார்கள். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சாம்பார் அண்டாவில் முக்கலாம் போலிருந்தது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை, எந்த எண்ணும் வகுபடாமல் இருக்காது என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையில் தண்ணீர் தொட்டு வகுக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றால் வகுத்தார், ஒன்று மிச்சம். ஏழால் வகுத்தார், ஆறு மிச்சம். பக்கத்தில் நின்று அப்பா ஒவ்வொன்றுக்கும் சரி போடுகிறார்கள், இங்கே பாயசம் ஆறுகிறது. கடைசியில் மீதி வந்த கோபத்தையும் சேர்த்து அவர் துண்டை உதறி எழுந்தார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அப்போதுதான் ஜெயபாய் பட்டுப்புடவையோடு ஒரு இலையை எடுத்து வந்து அவர் இலைக்குப் பக்கத்தில் விரித்தாள். "மாமா, நானும் இனி உங்க வீட்டு ஆளுதான, இங்கன உக்காரட்டுமா?" என்றாள். பெண் வீட்டுப் பெண் சம்பந்தி பந்தியில் உட்காருகிற வழக்கம் எங்கே இருக்கிறது. ஆனால் அந்த மனுஷர் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, உட்காரு தாயி என்று சொல்லித் தானும் உட்கார்ந்து, தன் இலை வடையை எடுத்து அவள் இலையில் வைத்தார். எல்லாரும் சிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். உன் அப்பா மட்டும், தொண்ணூற்றெட்டு என்றால் இரண்டு பெருக்கல் ஏழின் அடுக்கு இரண்டு, எல்லாரும் எழுந்தால் ஏழு வரிசையாக அழகாக மாற்றிவிடலாம் என்று வந்தார்கள். கரண்டியைக் காட்டினேன், போய்விட்டார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று அடுப்படிக்குப் போனவள் அழுதுவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் அவர்கள் வீட்டு ஆளாகிவிட்டாளே என்றிருந்தது.

கல்யாணம் பொங்கல் கழிந்து. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, ரயிலில் யார் கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே. இருநூற்று நாற்பது பேர் என்று அப்பா முடிவு செய்துவிட்டார்கள், சிநேகிதனைக் கூட்டி வருவதானால் முன்னமே தெரிவிக்க வேண்டுமாம், இருநூற்று நாற்பத்தொன்றும் அந்த மாதிரி எண்தானாம். நீ அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே ராசா, எத்தனையாவது ஆளாக வந்தாலும் வா, உன் பக்கத்து இலையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா,
கிருபாபாய் சௌந்தரபாண்டியன்