வீட்டுக்காரருக்கு மட்டும்: பாறைத்திட்டு அலை நிலவரம்

மூன்று நாளாக நாம் பேசுவதில்லை. எழுதினால் அது பேச்சில் சேராது.

ஞாயிற்றுக்கிழமை முதுகெல்லாம் சிராய்ப்போடு வந்து என் தம்பியிடம், "உங்க அக்கா ஆபீஸ்ல சொல்ற அலைய நம்பிப் போனா தோலுதான் உரியும்"னு சொன்னீர்கள். அந்த அறிக்கையை எழுதியதே நான்தான். முதல் வரி, 'அலை ஆறடி, அருமை.' அதை மட்டும் படித்துவிட்டு அலைச்சறுக்குப் போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டீர்கள். கடைசி வரி, 'ஒன்பது மணிக்கு நீர் வற்றிப் பாறை தலைகாட்டும், இறங்க வேண்டாம்.'

இன்றும் அலை ஆறடி. காற்று கரையிலிருந்து வீசுவதால் அலை கலையாமல் வரும். இந்த மாதத்திலேயே இதுதான் நல்ல நாள். போய்வாருங்கள்.

சாப்பாடு பிரிட்ஜில் இருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார். சாவியைப் பூந்தொட்டியில் வைக்காதீர்கள், அந்த ரகசியம் தெருவுக்கே தெரியும். முதுகில் கை எட்டாத இடத்துக்கு மருந்தை நான் வந்து தடவுகிறேன். அதற்கும் பேச வேண்டியதில்லை.

பி.கு. போர்டின் அடியில் மீன் துடுப்பு மாதிரி இருந்த மூன்று ஃபின்களையும் கழற்றி ஒளித்துவிட்டேன். அவை இல்லாமல் போர்டு நீங்கள் சொன்ன பக்கம் திரும்பாது, என்னை மாதிரி. தேடுகிறேன் என்று வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம்.

இன்னொன்று. இன்று பத்து மணிக்கு மேல் பாறை தலைகாட்டும். ஒன்பதரைக்கெல்லாம் கரையேறிவிடுங்கள்.

கடைசி வரிக்கு வந்துவிட்டீர்களா? அரிசி டப்பாவுக்குள் பாருங்கள்.