ஆறாவது கூடை

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைக்கும் குட்டைக்குள் தட்டுகள். எல்லாம் அக்கவுண்ட்ஸ்காரர்கள் வீசியவை. உடனே ஹெச்.ஆர். எட்வர்ட் சாரிடம் புகார். வீசத் தெரியாதவர்களுக்குக் குட்டைமேல் கோபம்.

போன வருஷம் எங்கள் ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் மாட்ட வந்த பின்லாந்துக்காரர்கள் பழக்கிவிட்டுப் போன விளையாட்டு இது. டிஸ்க் கோல்ஃப். தட்டை வீசி வீசிக் கொண்டுபோய், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயிப்பார். மதிலை ஒட்டிய மரக்காட்டில் ஐந்து கூடைகளுக்கு அவர்களே இடம் குறித்துக் கொடுத்தார்கள். ஐந்தும் ஒரே நேர்கோடு, குருடன்கூட ஆடலாம்.

ஆறாவது என்னுடையது. குவாலிட்டியில் ஷிஃப்ட் முடித்து, மீஞ்சூருக்கு ரயில் ஏறுவதற்குள் தினமும் நடந்து பார்த்துக் குறித்த இடம். புங்க மரங்களுக்கு நடுவே முதல் வீச்சு. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி, மழைநீர்க் குட்டையின் ஓரமாக இரண்டாவது. சாயங்காலக் கடல்காற்று தட்டைத் தண்ணீருக்குத் தள்ளப் பார்க்கும், விடக்கூடாது. மூன்றாவது கூடைக்குள். பொறுமை இருந்தால் மூன்று வீச்சு போதும்.

நானே இன்னும் மூன்றில் முடித்ததில்லை. அது வேறு விஷயம்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டார் எட்வர்ட் சார். "இன்னாம்மா கிறிஸ்டினா, ஜனங்க ஜாலியா ஆடிக்கினு இருக்கட்டும்னு வெச்சது. நீ இன்னாடான்னா எக்ஸாம் வெக்கிற. கூடைய இந்தாண்ட நேரா வெச்சுடலாம்."

நேராக வைத்தால் அதில் என்ன இருக்கிறது? அதைத்தான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல.

"சரி, ஆயுத பூஜ முடிஞ்சு சனிக்கிழம மேட்ச்சு. யார்னா ஒருத்தர் மூணுல முட்ச்சா வெச்சுக்கோ. இல்லாங்காட்டி மெயின்டெனன்ஸ் ஜெயராஜ உட்டுப் பேத்துடுவேன்."

பேத்துடுவாராம். ஒரு நாளாவது அந்தக் குட்டைப் பக்கம் வந்து நின்றிருக்கிறாரா இவர்?

செப்டம்பர் 19, வெள்ளி

நான்கு. நான்கு. ஐந்து. ஒன்று குட்டையில்.

செப்டம்பர் 24, புதன்

வழி கிடைத்துவிட்டது. இரண்டாவது வீச்சைக் குட்டைக்கரை மேட்டில் இறக்கினால் கூடை எதிரே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இத்தனை நாள் நான்தான் வலப்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். இன்று கூடையின் விளிம்பில் பட்டு விழுந்தது. மேட்ச் அன்றைக்கு உள்ளே போகும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

யாரிடம் போய்ச் சொல்வது இதை?

ஃபேக்டரியில் பூஜை. பிரஸ் மெஷின் முதல் ஃபோர்க்லிஃப்ட் வரை சந்தனம், குங்குமம், மாலை. கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியை வாங்கிக்கொண்டு மரக்காட்டுப் பக்கம் போனால், என் கூடைக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருக்கிறது. சங்கிலியில் சாமந்தி மாலை. இடப்பக்கத்து வாழை, குட்டைக்கரையிலிருந்து வரும் என் வழியை அப்படியே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

மெயின்டெனன்ஸ் ஜெயராஜ் அண்ணா செய்த வேலை. கூடைகளை வெல்டிங் வைத்ததும் அவர்தான். "எல்லா மெஷினுக்கும் போட்டுட்டு இத்த மட்டும் உட்டா நல்லாவா இருக்கும் மேடம்? மீதி அஞ்சுக்கும் பொட்டோட சரி. இது உங்களுதாச்சே, அதான் வாழை."

சனிக்கிழமை மேட்ச், அவிழ்த்துவிடுங்கள் என்றேன். "பூஜைக்குக் கட்டினத நாம அவுக்கக்கூடாது மேடம். அதுவா வாடி உழட்டும்."

கத்திவிட்டேன். அறிவிருக்கா உங்களுக்கு, ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா, அப்படி இப்படி என்று எல்லார் முன்னாலும். அவர் பொரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

நானே அவிழ்க்கலாம். ஆனால் நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். பூஜை வாழையில் நான் கத்தி வைத்தால் அது வேறு பேச்சாகிவிடும். எட்வர்ட் சாரும் வேதக்காரர்தான். அவரிடம் போனேன். "எனக்கு இன்னாத்துக்கும்மா வம்பு" என்று ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டார். அவருக்கென்ன, லாபம்தானே.

அக்டோபர் 3, வெள்ளி

லீவு முடிந்து போய்ப் பார்த்தேன். வாழை வாடவில்லை. ராத்திரி நல்ல மழையாம்.

அக்டோபர் 4, சனி

வயிறு எரிகிறது.

நான்கு, ஐந்து, குட்டை, நான்கு, குட்டை என்றே வந்தது. என் முறை. முதல் இரண்டும் இதுவரை நான் போட்டதிலேயே நல்ல வீச்சு. மேட்டில் அழகாக இறங்கியது. மூன்றாவது நேராகப் போய் வாழைத்தண்டில் அடித்துக் கீழே விழுந்தது. தண்டில் பட்ட காயத்தில் இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். நான்கு. ஜெயராஜ் அண்ணா என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் எட்வர்ட் சார். ஆபீஸ் ஷூவோடு. முதல் வீச்சு புங்க மரத்தில் மோதித் தானாகவே இடப்பக்கம் திரும்பியது. இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு வீசினார், அது குட்டைக்கு மேலே போய், விழப்போகிற நேரத்தில் கரையைத் தொட்டது. மூன்றாவது உயரமாகப் போய் வாழையிலையில் விழுந்து, இலையோடு வழுக்கிக்கொண்டு வந்து கூடைக்குள் உட்கார்ந்தது.

மூன்று.

மனுஷன் குதித்த குதி இருக்கிறதே. "பாத்தியா கிறிஸ்டினா, ஆடத் தெரிஞ்சவன் ஆடணும். இன்னா டிசைனு! இந்தக் கூடைய எவனும் தொடக்கூடாது."

என் கூடை தப்பித்தது. நான் பாத்ரூமில் போய் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

சென்னை ஆபீஸிலிருந்து வந்தவர்களிடம் "நம்ம கூடை" என்று காட்டிக்கொண்டிருந்தார். நம்மளாம்.

ஜெயராஜ் அண்ணாவிடம், அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்றேன். "உடுங்க மேடம்" என்றார். மனதிலிருந்து விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

காய்ந்த வாழை மழையில் விழுந்துவிட்டது. அதே இடத்தில் வேருள்ள கன்றையே நடச் சொல்லியிருக்கிறார் எட்வர்ட் சார். ராசியாம். யாரைக் கேட்டு? அது புதராக மண்டினால் கூடையே தெரியாது. ஜெயராஜ் அண்ணா மண்ணை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கன்றைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

கன்று என் தோள்வரை வந்துவிட்டது. கரைமேட்டு வழி இனி இல்லை. உயரமாகத் தூக்கி, இலைக்கு மேலே கொண்டுபோய் இறக்கினால்தான் உண்டு. முன்னைவிடக் கஷ்டம். யாரும் நேராக்கச் சொல்வதில்லை.

இன்றும் நான்கு. மண் வெடித்துக் கிடந்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.