சலோமி வாயால் சொல்லாதது

மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகும் மாட்டுவண்டி வாசலில் நின்றது. ஏழு மாதக் கர்ப்பிணியான சலோமி, பகல் ஷிப்டில் சுரங்கத்துக்குள் இருக்கும் கணவன் இன்பராஜுக்குப் படுத்தபடியே சீட்டு எழுதினாள்.

"களி அடுப்பாண்ட இருக்குது. சாவி பக்கத்து வூட்டு ஃப்ளோரா அக்காகிட்ட. தண்ணிக்கொடம் தூக்கலேன்னு நேத்து கத்தினீங்களே, சோம்பல் இல்லீங்க. நின்னா கர்ப்பப்பை வாய் கீழ எறங்கி வெளியவே தெரியுது. படுத்தா உள்ள போயிடுது. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு. காலைல வூட்டுக்கு வந்து பாத்த டாக்டரம்மா ரப்பர் வளையம் வெச்சுத் தாங்கியிருக்காங்க. கால ஒசத்திப் படுக்கணுமாம். பிரசவம் வூட்டுல வேணாம், அதுவரைக்கும் ஆஸ்பத்திரியிலயே வந்து இருன்னுட்டாங்க. உங்கம்மா மருத்துவச்சிக்குச் சொல்லி வெச்சிருந்தா, வேணாம்னு சொல்லிடுங்க."

எழுதுவதை நிறுத்திக் கண்ணை மூடினாள். பூமிக்கடியில் எங்கோ வெடி வைத்தார்கள். கட்டில் மெல்ல அதிர்ந்தது. வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. தண்ணீரில் மிதப்பதுபோல் அவள் அப்படியே கிடந்தாள். கீழே அவன், மேலே தாங்கள் இருவர். ஒரே வீட்டின் வேறுவேறு அறைகளில் மூவரும் படுத்திருப்பதாகத் தோன்றியது. நேற்றைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வெயில் ஏறுதும்மா, வாங்க" என்றான் வண்டிக்காரன்.

சீட்டின் அடியில் கொஞ்சம்தான் இடமிருந்தது. நெருக்கி எழுதினாள்:

"நீங்க வெடி வெச்சா இது உள்ள துள்ளுது. ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் வாங்க. மிச்ச சண்டைய அங்க போடலாம். வயித்துமேல கைய வெச்சிக்கினு போடுங்க."