ஒரே டேக்கில் எடுத்த திட்டு

என்னங்க, மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

ஒரு பாட்டுப் பாட வந்த என்னை டைரக்டர் நடிக்கவே வைத்துவிட்டார். புருஷனைத் திட்டும் காட்சி. கேமராவைப் பார்த்ததும் வசனம் மறந்து, ஒயர் தடுக்கி விழுந்தேன். முழங்கையில் சின்னச் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள். எழுந்த வேகத்தில், வீட்டில் உங்களைத் திட்டுவது போலவே மெட்டோடு திட்டினேன்.

"வேலைன்னா காது கேக்காது, சோறுன்னா மட்டும் பாம்புக் காதா?"

எல்லோரும் கைதட்டினார்கள். டைரக்டர் ஓடிவந்து, "அக்கா, இனி படம் முழுக்க நீங்க வர்றீங்க" என்றார். பதினெட்டு வருஷம் மேடையில் பாடியிருக்கிறேன். இப்படிக் கால் தரையில் பாவாமல் நின்றதில்லை.

படப்பிடிப்பு முடிய இரண்டு மாதமாகுமாம். நீங்கள் மேளம் வாசித்த பதிவை அனுப்புங்கள். அறையில் சத்தமே இல்லை. ஃபோனில் ஒரு சண்டையாவது போடுங்கள். இங்கே எல்லோரும் மரியாதையாகவே பேசுகிறார்கள்.

வண்டி வந்துவிட்டது.

உங்கள் பாட்டுக்காரி