கிழித்துப் போடச் சொன்ன கடிதம்

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். முழங்காலுக்குத் தைலம் தடவுகிறீர்களா, அல்லது புட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? நான் நலம்.

வழக்கில் வென்றுவிட்டோம், இனி நிம்மதியாக மூச்சு விடலாம். அழித்த எழுத்தை ஒளித்து வைத்திருந்து, கேட்டால் திருப்பித் தரும் வசதியை எங்கள் மென்பொருளுக்கு நான்தானே வடிவமைத்தேன்? அந்த வசதி தன்னுடையது என்று வழக்குப் போட்டது போட்டி நிறுவனம். தோற்றிருந்தால், இந்த வயதில் திருடி என்ற பட்டத்தோடு வீடு திரும்பியிருப்பேன். அந்த வசதியின் படத்தை வரைந்து உங்களுக்கு நான் எழுதிய பழைய கடிதம்தான் காப்பாற்றியது. உறையில்லாமல் மடித்து ஒட்டி அனுப்பிய அதே தாளில் அஞ்சல் முத்திரை இருந்ததால் தேதியை எவராலும் மறுக்க முடியவில்லை.

ஆனால், இந்த ஊர் நீதிமன்றத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் கடிதம் முழுவதையும் மொழிபெயர்த்து வாசித்தார், உங்கள் குறட்டையைப் பற்றிய பத்தி உட்பட. எதிர்த்தரப்பு வழக்கறிஞரே சிரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பாளர், "ஏம்மா, கடைசியில 'படிச்சதும் கிழிச்சுப் போடுங்க'ன்னு எழுதியிருக்கீங்களே?" என்றார்.

"நான் சொன்னதை அவர் என்னைக்குக் கேட்டார்?" என்றேன்.

என் பழைய கண்ணாடியை அனுப்பிவையுங்கள். இங்கே அறை மிகவும் அமைதியாக இருப்பதால் தூக்கம் சரியாக வருவதில்லை. அலுவலக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். இதையும் படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி