சதய நட்சத்திரத்து முழங்கால்

பிளெய்ன்ஸ்பரோ,
மே 1998

செல்லப் பெண் மானஸாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம், அப்பாவுக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. உன் சௌக்கியத்தை நேற்று டிவியிலேயே பார்த்துவிட்டேன், இளைத்திருக்கிறாய், ராத்திரி ஒரு டம்ளர் பாலாவது குடி.

உன் ஃபுட்பால் டீமின் கிராக்ஸ்டனுக்கு ஜாதகம் கணித்தேன் என்றதும் ஃபோனில் சிரித்தாயே, அவன் அம்மாவைக் கேட்டு நீ சொன்ன நாளும் நேரமும் வைத்துப் பார்த்தால் சதயம், கும்ப ராசி, அவன் கதை அப்படியே அதில் இருக்கிறது. பஸ் டிரைவர் மகன், மீசை முளைக்குமுன் பெரிய டீமில் இடம், அடுத்து இங்கிலாந்துக்கே ஆடினான், ஊரெல்லாம் அவன் போஸ்டர். அப்புறம் ஏழரைச் சனி பிடித்தது. முழங்கால் ஜவ்வு கிழிந்து, கேப்டன் பதவி போய், தலையில் தூக்கி வைத்து ஆடிய பேப்பர்க்காரர்களே நொண்டிக் குதிரை என்று எழுதினார்கள். போதாக்குறைக்கு, ஒரு பிசியோதெரபிப் பெண் பேச்சைக் கேட்டு அவனை ஃபைனலில் இறக்குகிறார்கள், கால் போனால் அவள் வேலையும் போகும் என்று உன்னையும் இழுத்தார்கள். நீ ஃபோனில் அழுத நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சனி போன மாதமே விட்டாயிற்று, இனி ஓடுவான் என்று அப்பாவிடம் சொன்னேன். "சனி விட்டா போறுமா, ஜவ்வு ஒட்ட வேண்டாமா?" என்றார்.

அந்த ஃபைனல் மேட்ச் நம் வீட்டு டிவியில் வராது, கியர்னியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கூடும் ஒரு பாரில்தான் காட்டுகிறார்கள். பெண் என்ன வேலை என்று கேட்டால் இத்தனை நாள் "மெடிக்கல் லைன்" என்று மழுப்பிய உன் அப்பாதான் காலையிலேயே காரை எடுத்தார். காலை பத்து மணிக்குப் புடவையும் இட்லி டப்பாவுமாக பாருக்குள் நுழைந்த முதல் மாமி நானாகத்தான் இருப்பேன். இரண்டாம் பாதியில் கிராக்ஸ்டன் இறங்கினான், இறங்கிய கையோடு ஒரு தடியன் வந்து மோத, அதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பாரில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீ பையோடு ஓடினாய். ஜாதகம், சனி எல்லாம் எனக்கு மறந்துவிட்டது, உன் கையைத்தான் பார்த்தேன். அது நடுங்கவேயில்லை, அவன் காலை மெதுவாக மடக்கினாய், நீட்டினாய், ஏதோ சொன்னாய், அவன் எழுந்தான். கடைசியில் அந்தக் காலாலேயே அடித்தான் பாரு ஒரு கோல், கோப்பை உங்களுக்கு! அப்பா நாற்காலிமேல் ஏறி, "தட் லெக் இஸ் மை டாட்டர்ஸ் ஒர்க்!" என்று கத்தினார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவரைக் கட்டிக்கொண்டார்கள், பியர் வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தாரா என்று மட்டும் கேட்காதே.

இன்று பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனை யார் பேருக்கு என்றார் குருக்கள். நான் சதயம் என்று வாயெடுப்பதற்குள் அப்பா உன் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டார். "ஃபர்ஸ்ட் அவனை எழுப்பி நிறுத்தினவளுக்கு, அப்புறம் அவனுக்கு" என்றார் கட்டின தொண்டையோடு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது மானஸா, உன்னைப் பெறக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

தீர்க்காயுசாக இரு, கை வீசி நட. நாளைய பேப்பரில் உன் படம் வந்தால் அஞ்சாறு பிரதி அனுப்பு. பின்னால் அவனுக்கும் அர்ச்சனை ஆயிற்று, குருக்கள் அவன் கோத்திரம் கேட்டார், நம் கோத்திரத்தையே சொல்லிவிட்டேன். ஆகவே அவன் இனி உனக்கு அண்ணன் முறை, இது ஞாபகம் இருக்கட்டும்.

உன் அம்மா
ஷ்யாமளா