மேலே போகப் போகச் சிறுத்த ஜன்னல்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே உன் உடம்பும் மனசும் சுகம்தானா என்பதுதான் எங்கள் இருவருக்கும் கவலை. என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, அம்மாவுக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலிக்கு மருந்து தடவச் சொன்னால் நாளைக்கு என்கிறாள், அதுவும் வழக்கம்போல்தான். இரண்டு வருஷமாக அவள் எழுதும் கடிதத்தின் அடியில் 'அப்பா நலம்' என்று ஒரு வரி போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். இந்த முறை நானே எழுதுகிறேன் என்று அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "திட்டறதா இருந்தா எழுதவே வேணாம்" என்று சொல்லித் துணி மடிக்கப் போய்விட்டாள்.

உன் கடிதம் வந்தது. நீ அட்டையில் செய்த கட்டட மாடலைக் கல்லூரியில் வேண்டாமென்று தள்ளிவிட்டதையும், இந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு நான் பார்த்து வைத்த கான்ட்ராக்டர் ஆபீஸ் வேலைக்கே வந்துவிடுகிறேன் என்று நீ எழுதியதையும் அம்மா வாசித்துக் காட்டினாள். அப்பா சொன்னதுதான் சரி என்று வேறு எழுதியிருந்தாய். ஆறு மாசத்துக்கு முன்னால் அந்த வரி வந்திருந்தால் தெருவையே கூட்டி வாசித்துக் காட்டியிருப்பேன். இப்போது அது முள்ளாகக் குத்துகிறது. ஆள் குடியிருக்காத பொம்மைக் கட்டடம் கட்ட ஒரு படிப்பா என்று நீ கிளம்புகிற அன்றைக்கு உன்னைக் கேட்டு அழவைத்தவன் நான்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே புதிதாக ஒரு தீம் பார்க் வந்திருக்கிறது, அதன் நடுக் கோபுரத்துக்குப் பூச்சு வேலை எங்கள் செட்டுக்குக் கிடைத்தது. கான்கிரீட் சுவரை வேறு ஆட்கள் எழுப்பிவிட்டார்கள். அதன்மேல் பூசி, கல்லால் கட்டியது போல வரி கீறி, திறக்காத ஜன்னல்களைச் சிமெண்டிலேயே எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. வரைபடம் போட்டவள் உன்னைவிட நாலைந்து வயசு பெரியவள், எங்கள் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் கண்ணாடியம்மா. படத்தில் கீழ் ஜன்னல் இடுப்பு உயரம், அதற்கு மேல் முழங்கால் உயரம், அதற்கு மேல் ஒரு சாண் என்று குறைந்துகொண்டே போனது, கல் வரியும் அப்படியே சிறுத்துக்கொண்டே போனது. முப்பது வருஷமாக மாடிக்கு மாடி ஜன்னலை ஒரே அளவில் நிறுத்திப் பழகிய கை இது. பாவம் சின்னப் பெண், அளவு தவறிப் போட்டுவிட்டாள், நாலு பேர் முன்னால் கேட்டால் கூசிப் போவாள் என்று நினைத்து, யாரிடமும் மூச்சு விடாமல் மூன்றாம் நிலையையும் நாலாம் நிலையையும் கீழே இருந்த அளவிலேயே முடித்துவிட்டேன். படிச்சவங்க தப்பையும் நாமதான் திருத்த வேண்டியிருக்கு என்று ஆட்களிடம் பெருமை வேறு. அதிகப்பிரசங்கித்தனத்துக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

அவள் வந்து சாரத்துக்குக் கீழே நின்று பார்த்தாள். கத்தப் போகிறாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "மேஸ்திரி, கொஞ்சம் என்கூட நடந்து வரீங்களா" என்று முன்வாசல் வரை கூட்டிப் போய்த் திரும்பிப் பார்க்கச் சொன்னாள். கோபுரம் கழுத்தே இல்லாத குண்டு மனுஷன் மாதிரி உட்கார்ந்திருந்தது. மேலே மின்கம்பி போகிறது, இதற்கு மேல் கட்ட விடமாட்டார்களாம். ஆனால் வாசலில் நுழைகிற குழந்தை அண்ணாந்து பார்க்க வேண்டும், அதனால்தான் மேலே எல்லாம் சின்னது, சின்னதாக இருப்பதைத் தூரத்தில் இருக்கிறது என்று கண் எடுத்துக்கொள்ளுமாம். பார்க்கின் நாலு பாதையும் ஏன் கோபுரத்திலேயே வந்து சேர்கிறது என்பதையும் சொன்னாள். எந்த மூலையில் நின்றாலும் அது தெரிய வேண்டும், படிக்கத் தெரியாதவர்களும் வழி தவறினால் அதைப் பார்த்தே நடுவுக்கு வந்துவிட வேண்டும் என்று குறுக்கே ஒரு உயரமான மரம்கூட வைக்கவிடவில்லையாம். கோபுரத்தின் கதவு குள்ளமாக இருப்பதும் கணக்குத்தான், குழந்தை நிமிர்ந்து நுழையும், நாம்தான் குனிய வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள், அவ்வளவுதான். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டு நிலையையும் நானே கொத்தி எடுத்தேன், எங்கள் செட்டில் கலவை போடுகிற ஒல்லி கை கொடுக்க வந்தான், விடவில்லை. உச்சி ஜன்னல் என் உள்ளங்கை அளவுதான், அதற்கு ஒரு நாள் முழுக்க ஆனது. சாரத்தைப் பிரித்த அன்றைக்கு மறுபடி வாசலில் போய் நின்றேன். அம்மாடி, என் கையால் தடவித் தடவிப் பூசிய சுவர், அதன் உயரம் எனக்குத் தெரியாதா? இருந்தும் தலை தானாக அண்ணாந்தது. கண்ணும் கலங்கியது, சிமெண்டுத் தூசி என்று ஒல்லியிடம் சமாளித்தேன்.

போன வாரம் வேலை செய்தவர்களின் குடும்பத்தை எல்லாம் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினார்கள். உன் அம்மா நம் தெருவிலேயே திசை தடுமாறுகிறவள், கூட்டத்தில் என்னை விட்டுவிட்டாள். பதறிப்போய் நாலு பக்கமும் ஓடிவிட்டு வந்தால், கோபுரத்தடியில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "எங்க திரும்பினாலும் இது கண்ணுல பட்டுது, நீங்களும் இங்கதானே வரணும்னு உக்காந்துட்டேன், ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு" என்று என்னையே கேட்கிறாள். பக்கத்தில் நின்ற கண்ணாடியம்மா சிரித்தாள். அவளிடம், என் மகளும் இந்த வேலைக்குத்தான் படிக்கிறாள் என்று சொன்னேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதை வெளியில் ஒருவரிடம் சொல்கிறேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கான்ட்ராக்டரிடம் அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். உனக்கு அந்தப் படிப்பு பிடிக்காமல் போயிருந்தால் வா, கதவு திறந்தே இருக்கிறது. நான் சொன்னது சரி என்று மட்டும் வராதே, அது சரியில்லை. யானைக்கும் அடி சறுக்கும், ஒரு மாடலைத் தள்ளினால் இன்னொன்று செய்துகொள்ளலாம். வேளைக்குச் சாப்பிடு, கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நினைத்தது உன் கையால் எழும்ப என் மனசார ஆசீர்வாதம், அம்மாவின் ஆசீர்வாதமும். கல்லூரியில் வேண்டாமென்ற அந்த மாடலின் வரைபடத்தை மறக்காமல் எனக்கு அனுப்பு. புரியாத இடத்தில் உன்னைக் கேட்கிறேன் கண்ணு, நானாகத் திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா